இருதயம் தயங்கிய வேளை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்து விடியற்காலையில், வடமராட்சியிலுள்ள எமது அம்மான் வீட்டுக் கிணற்றடியில் ஒரு சிறு விபத்து நிகழ்ந்தது. அம்மான் இளைப்பாறிய தலைமையாசிரியர். அப்போது அவருக்கு வயது 74. திருவெம்பாவைப் பூசைக்குச் செல்லவென எழுந்து முகங்கழுவப் போனவர், நின்ற இடத்திலேயே வீழ்ந்தார். நெற்றியிற் காயம்; நான்கு தையல் போடவேண்டியதாயிற்று. கால் சறுக்கிவிட்டது என்றார் அம்மான். மாரிகாலத்துப் பாசியின்மேற் பழியைச் சுமத்தி, அன்று மாலையே பிள்ளைகள் கிணற்றடிச் சீமெந்தைத் தேய்த்துக் கழுவினர். காரியம் அத்துடன் முடிந்தது என்றே யாவரும் எண்ணினோம்.

மாமி மட்டும் அவ்வாறு எண்ணவில்லை. நாம் பார்க்கப் போயிருந்தபோது எம்மைக் குசினிக்குள் அழைத்துத் தாழ்ந்த குரலிற் சொன்னார்: “சறுக்கி விழுந்த மனிசன் எண்டால் கையை ஊண்டியிருப்பார், தம்பி. இவர் ஊண்டேல்லை. நிண்டபடியே முகம் வெளிறினது. பிறகுதான் விழுந்தவர்.”

இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது மாமியின் அந்த வார்த்தையே. இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டு மயங்கி விழுவோர், தாம் விழுந்ததை அறியமாட்டார். கண் விழிக்கும்போது தாம் தரையிற் கிடப்பதைத்தான் காண்பர். இடையிலே சென்ற வினாடிகள் அவர்கள் கணக்கில் இல்லை. ஆகவே காரணமொன்றைத் தாமே கற்பித்துக்கொள்வர். சறுக்கல் என்பர்; வெயில் என்பர்; வெறுவயிறு என்பர். நடந்ததை உள்ளபடி அறிந்தவர் அருகில் நின்று பார்த்தவரே. ஆனால் வைத்தியரிடம் நோயாளியை அனுப்பிவிட்டு, பார்த்தவர் வீட்டில் நின்றுவிடுவது எமது குடும்பங்களில் வழக்கமாயிருக்கின்றது. அம்மானும் முதன்முறை தனியாகவே சென்றார். சென்ற இடத்திலே களைப்பு என்று சொல்லிச் சத்துக் குளிசைகளைக் கொடுத்தனுப்பினர். அவர்கள்மேல் முழுப் பழியையும் நாம் சுமத்தமாட்டோம். சறுக்கி விழுந்தேன் என்று அடித்துச் சொல்லும் ஒருவருக்கு வேறு எதைத்தான் கொடுப்பது?

இருதயம் ஒரு தசைப்பை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கின்றோம். அது துடிப்பதற்கு வேண்டிய மின்விசையை அதுவே பிறப்பித்துக்கொள்கின்றது என்பது பலருக்கு மறந்து போயிருக்கும். வலது மேலறையின் உச்சியில், பெரிய நாளம் வந்து சேருமிடத்தருகே, ஒரு சிறிய கலக்கூட்டம் உண்டு. ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் 1907 இல் அதனை இனங்கண்டு வெளியிட்டனர். நாம் அமைதியாய் இருக்கும் வேளையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை அங்கிருந்து ஒரு மின்துடிப்புப் புறப்படுகின்றது. அது மேலறைகளைச் சுருங்கச் செய்து, நடுவிலுள்ள மற்றொரு கணுவை அடைந்து, அங்கே ஒரு கணம் தாமதித்து, பின்னர் கிளைகள் வழியே கீழறைகளுக்கு இறங்குகின்றது. அந்த நடுக்கணுவை 1906 இல் விரிவாக விளக்கியவர், ஜெர்மனியிலே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர்.

மேலிருந்து வரும் இக்கட்டளை வழியிலே தடைப்பட்டால், கீழறைகள் கட்டளைக்குக் காத்து நிற்கும். சிறிது பொறுத்து, அவை தம்பாட்டில், நிமிடத்துக்கு 30 அல்லது 40 தடவை என்று மெல்லத் துடிக்கத் தொடங்கும். தொடங்கும்வரையுள்ள அந்த இடைவெளியில் மூளைக்கு இரத்தம் செல்வதில்லை. பேசிக்கொண்டிருப்பவரின் பேச்சு நிற்கும், முகம் வெளிறும், ஆள் சாய்வார். துடிப்பு மீண்டதும் முகம் குப்பென்று சிவக்கும். டப்ளின் நகரத்து வைத்தியர்களான ரொபேட் அடம்ஸ் 1827 இலும், வில்லியம் ஸ்ரோக்ஸ் 1846 இலும் இத்தகைய நோயாளர்களைப் பற்றி எழுதினர். அவர்கள் பெயராலேயே இம்மயக்கம் இன்றும் வழங்குகின்றது. மணிக்கட்டிலே மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், ஐயம் எனப் பகுத்துப் பார்த்த எமது நாட்டு வைத்தியர்களும் இவ்வாறு நடை தவறிய நாடியைத் தொட்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. தொட்டறிந்தபின், தடைப்பட்ட வழிக்கு மாற்று வழி அமைக்கும் வல்லமை அக்காலத்தில் எவரிடமும் இருக்கவில்லை.

அம்மான் மறுபடியும் விழுந்தது மூன்று வாரங்கள் கழித்து. விழுந்தார் என்பதும் பொருந்தாது. சாய்மனைக் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பத்திரிகை நழுவியது. மாமி ஓடி வந்தபோது அவர் கண்ணைத் திறந்து, “என்ன?” என்று கேட்டார். இம்முறை மாமி விடவில்லை. யாழ்ப்பாணத்து இருதய நிபுணரிடம் தாமும் கூடச் சென்றார். அவ்வைத்தியர் அம்மானை விசாரித்ததிலும் மாமியை விசாரித்த நேரமே அதிகம் என்பதை நாம் அருகிலிருந்து கண்டோம்.

ஈ.சீ.ஜீ. படத்திலே பெரிதாக ஒன்றும் இல்லை. கீழறைக்குச் செல்லும் கிளைகளில் ஒன்று பழுது என்று மாத்திரம் காட்டியது. அதில் வியப்பில்லை. அப்படம் சில வினாடி நேரத்து இருதயத்தையே காட்டவல்லது. இடைக்கிடை தயங்கும் இருதயம் அந்த வினாடிகளிலேயே தயங்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஆகவே ஹோல்ற்றர் என்னும் அமெரிக்கரின் பெயரால் வழங்கும் சிறு கருவியை நெஞ்சிலே ஒட்டி, 24 மணி நேரத்துத் துடிப்பையும் பதிந்தனர். மறுநாள் பதிவைப் பார்த்தபோது, பகலில் ஒரு தடவையும், அதிகாலை 3 மணிக்குப் பின்னர் இரு தடவையும் கீழறைகள் நின்றிருந்தமை தெரிந்தது. மிக நீண்ட நிறுத்தம் 7 வினாடி. ஏழு வரை மெதுவாக எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு நேரம் என்பது விளங்கும். இரவு நன்றாக உறங்கியதாகவே அம்மான் சொல்லியிருந்தார்.

உடனே கருவி பொருத்தவேண்டும் என்று வைத்தியர் துள்ளி எழவில்லை. இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் சிலவும், தைரொயிட் சுரப்பியின் குறைவும், இரத்தத்திலே பொட்டாசியம் மிகுதலும் இத்தகைய தயக்கத்தை உண்டாக்கக்கூடும். அவற்றைச் சரிசெய்தால் இருதயமும் சரியாகிவிடும். அம்மான் இரத்த அழுத்தத்துக்கு உட்கொண்ட குளிசை ஒன்று அவ்வகையினது. அதை நிறுத்திப் பார்த்தார்கள். தயக்கம் நிற்கவில்லை.

படபடப்பு என்றதுமே இயந்திரம் வைப்பார்களோ என்று அஞ்சுவோர் உளர். அவர்கள்பொருட்டு ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். பேஸ்மேக்கர் என்னும் இருதயமுடுக்கி மெதுவாகத் துடிக்கும் இருதயத்துக்கே உரியது. இடையிடையே ஒரு துடிப்புத் தவறியதுபோலத் தோன்றுவது பெரும்பாலும் தீங்கற்றது. மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கி, நாடி தாறுமாறாக ஓடும் நோய் வேறொன்று. அதிலே இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பாரிசவாதம் உண்டாவதே முதன்மையான அபாயம்; அதற்கு வேண்டியது இரத்தம் உறையாமற் காக்கும் மருந்து. ஓட்டப் பந்தய வீரர்களின் நாடி நிமிடத்துக்கு 50 இலும் குறைந்திருப்பது நோயன்று. எண்ணிக்கையை மட்டும் பார்த்து எவரும் முடிவு செய்வதில்லை. மயக்கம் உண்டா, அந்த மயக்கமும் தயக்கமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, தடை எந்த இடத்தில் உள்ளது என்பவையே கேள்விகள்.

அம்மான் விடயத்தில் அக்கேள்விகள் யாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஆயினும் அவர் மறுத்தார்.

அவர் மறுத்தமைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. இரு மயக்கங்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. சைக்கிளில் சந்தைக்குப் போவார். வெண்டிக்குத் தண்ணீர் விடுவார். பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பார். நோவும் இல்லை, இளைப்பும் இல்லை. நோகாத உடம்பைக் கீறவிட எவருக்குத்தான் மனம் வரும்? கனடாவிலிருந்த மூத்த மகன் இரவோடிரவாகத் தொலைபேசியில் அதட்டினார். அதட்டலுக்கு அஞ்சும் தலைமையாசிரியரை நாம் கண்டதில்லை. பிள்ளைகள் இல்லாத வேளையில் எம்மிடம் மெல்லக் கேட்டார்: பற்றரி இயங்கிக்கொண்டேயிருந்தால், போகவேண்டிய காலத்தில் உயிர் எப்படிப் போகும்? கட்டிலில் கிடந்து அவதிப்பட நேருமோ?

அக்கேள்வியை வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அவர் அதைக் கேட்டு நகைக்கவில்லை. பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி அது என்றார். கருவி இருதயத்தை இயக்குவதில்லை. இயங்கு என்று குறிப்புணர்த்துவது மாத்திரமே அதன் வேலை. ஆயுள் முடியும் வேளையில் தசை தளர்ந்து அக்குறிப்புக்குச் செவிசாய்க்காது. கருவி தன்பாட்டிற் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், கேட்பார் இரார். மரணத்தை அது மறிப்பதுமில்லை, இழுத்தடிப்பதுமில்லை.

அந்நாட்களில் அம்மானுக்கு நாம் ஒரு வரலாற்றையும் சொன்னோம். அது சுவீடன் தேசத்து ஆர்னே லார்சன் என்பவருடைய வரலாறு. 1958 ஆம் ஆண்டில் அவருக்கு வயது 43. ஈரலைத் தாக்கிய கிருமி நோயொன்று இருதயத்தையும் பழுதாக்க, மின்வழி அடியோடு தடைப்பட்டுவிட்டது. நாளொன்றுக்கு 20, 30 தடவை அவர் மயங்கி விழுந்தார். ஒவ்வொரு தடவையும் அவரை மீட்டெடுக்க ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். அவருடைய மனைவி எல்சே மரீயின் நிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தால் இருதயத்தைத் துடிக்கச் செய்யலாம் என்பது அப்போது புதிய செய்தியன்று. பொஸ்ரன் நகரத்துப் போல் சோல் 1952 இல் நெஞ்சின்மேற் தகடுகளை வைத்து அதைச் செய்து காட்டியிருந்தார்; நோயாளிக்கு அது பெரும் வேதனை. பின்வந்த கருவிகள் சுவரிலுள்ள மின்துளையிற் பொருத்தப்படுவன. மின்சாரம் நின்றால் இருதயமும் நிற்கும். 1957 ஒக்டோபர் 31 இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டமை, பற்றரியால் இயங்கும் கருவியொன்றை ஏர்ல் பக்கன் என்பவர் செய்வதற்கு வழிகோலியது. அக்கருவியும் உடம்புக்கு வெளியே தொங்குவதுதான். கம்பி தோலைத் துளைத்து உள்ளே செல்லும் இடத்திற் கிருமி தொற்றும்.

ஸ்டொக்ஹோமிலே, கரோலின்ஸ்கா வைத்தியசாலையின் சத்திர வைத்தியர் ஓக்கே சென்னிங்கும், வைத்தியம் படித்துப் பொறியியலில் இறங்கிய ரூனே எல்ம்குவிஸ்டும், முழுக் கருவியையும் உடம்பினுள்ளே வைப்பது எவ்வாறு என்று ஆராய்ந்துகொண்டிருந்தனர். இதை எப்படியோ அறிந்த எல்சே மரீ இருவரையும் தேடிச் சென்றார். மனிதருக்கு வைக்கத்தக்க கருவி எம்மிடம் இன்னும் இல்லை என்றனர் அவர்கள். அப்படியானால் ஒன்றைச் செய்யுங்கள் என்றார் அவர். ஒருவரிடமிருந்து மற்றவரிடம் ஓடியோடி, அவர்கள் இசையும்வரை விடவில்லை. வைத்திய வரலாறுகளில் இப்பெண்மணிக்குக் கிடைப்பது ஓரிரு வரிகளே. முதல் வரியே அவருடையதாயிருக்க வேண்டும் என்பது எமது கட்சி.

எல்ம்குவிஸ்ட் செய்த கருவியில் இரண்டு டிரான்சிஸ்டர்களும், வெளியிலிருந்தே மின்னேற்றக்கூடிய சிறு பற்றரிகளும் இருந்தன. அவற்றைப் பிசின் போன்ற ஒரு பொருளுள் அமிழ்த்தி இறுகவைக்க அச்சு வேண்டியிருந்தது. அச்சாக அமைந்தது சப்பாத்து மினுக்கும் மைத் தகரம்! 1958 ஒக்டோபர் 8 ஆம் திகதி மாலை, ஆளரவம் அடங்கியபின், சென்னிங் லார்சனின் நெஞ்சைத் திறந்து அக்கருவியைப் பொருத்தினார். சில மணி நேரத்தில் அது நின்றுவிட்டது. மறுகருவியை வைத்தார்கள். அதுவும் நெடுநாள் உழைக்கவில்லை.

முதற் கருவியோடு எல்லாம் வெற்றியாய் முடிந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அவ்வாறன்று. லார்சன் அதன்பின் சில காலம் கருவியின்றியே காலந்தள்ள வேண்டியிருந்தது. ஆயினும் வழி திறந்துவிட்டது. அவர் தம் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளைத் தாங்கினார். சென்னிங் 2000 ஆம் ஆண்டிலும், எல்ம்குவிஸ்ட் அதற்கு முன்னர் 1996 இலும் காலமாயினர். நோயாளியோ இருவருக்கும் பின்னரே, 2001 டிசம்பர் 28 இல், 86 ஆவது வயதில் மறைந்தார். அவர் உயிரைக் கொண்டது இருதயமன்று, தோற் புற்றுநோய்.

அம்மான் முழுவதையும் கேட்டுவிட்டு, “26 தரம் வெட்டினவங்களோ?” என்றார். அவ்வளவுதான். எமது கதாப்பிரசங்கம் தோற்றுப்போயிற்று.

அவர் மனம் மாறியது எம்மாலன்று. ஒருநாள் இரவு, இரண்டு மணியளவில், தற்செயலாக அவருக்கு விழிப்பு வந்தது. கட்டில் விளிம்பிலே மாமி அமர்ந்திருந்தார். அவருடைய விரல்கள் அம்மானின் மணிக்கட்டில் இருந்தன. ஏன் உறங்கவில்லை என்று கேட்டாராம். உறக்கம் வரவில்லை என்றாராம் மாமி. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு விடையில்லை. மறுநாட் காலை அம்மான் எம்மைத் தொலைபேசியில் அழைத்து, கொழும்புக்கு எப்போது போகலாம் என்று வினவினார். பிறகு, “நான் விழுகிறது எனக்குத் தெரியாது, தம்பி. உன்ரை மாமிக்கெல்லோ தெரியும்” என்றார்.

சிகிச்சையைப் பற்றி விரித்துரைக்க அதிகமில்லை. லார்சனுக்குச் செய்ததுபோல நெஞ்சைத் திறப்பது இக்காலத்தில் பெரும்பாலும் வேண்டியதில்லை. இடது காறையெலும்பின் கீழ் ஊசியால் விறைக்கச் செய்து, சிறு வெட்டொன்றின் வழியாக நாளத்தினுள் மெல்லிய கம்பிகள் இரண்டைச் செலுத்தி, எக்ஸ்-கதிர்த் திரையிற் பார்த்தவாறே இருதயத்தின் அறைகளிற் பதித்தார்கள். கருவியைத் தோலின்கீழ் வைத்துத் தைத்தார்கள். கருவி தீப்பெட்டியளவினது, அதனிலும் தட்டையானது. ஒரு மணித்தியாலமளவிற் காரியம் முடிந்தது. அம்மான் விழித்திருந்தபடியே தாதிமாரின் தமிழைத் திருத்திக்கொண்டிருந்ததாகக் கேள்வி. கம்பி இல்லாமல், குளிசைக்கூடு போன்ற வடிவில், தொடை நாளத்தின் வழியே இருதயத்துள் நேரே வைக்கும் கருவிகளும் இப்போது உண்டு. அவை எல்லா நோயாளருக்கும் பொருந்துவன அல்ல. கம்பி இடம்பெயர்தல், கிருமி தொற்றல், நுரையீரலில் ஊசி படுதல் ஆகியன எப்போதாவது நேரக்கூடியவை. கையொப்பமிடுமுன் அவற்றைக் கேட்டறிய எவரும் கூச்சப்படலாகாது.

வீடு திரும்பியபின்னரே உபத்திரவம் தொடங்கியது. கம்பிகள் ஊன்றிக்கொள்ளும்வரை சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக்கூடாது. அம்மானுக்கு இது பெருஞ் சிறை. பூசைக்குச் செவ்வரத்தம்பூப் பறிக்கத் தடை. வாளியால் அள்ளிக் குளிக்கத் தடை. கைத்தொலைபேசியைச் சட்டையின் இடப் பையிலே வைக்கும் வழக்கத்தையும் விடவேண்டியதாயிற்று. அது கருவிக்கு அரையடியாவது அப்பால் இருத்தல் நலம். வானொலி, தொலைக்காட்சி, மின்விசிறி, அரைக்கும் இயந்திரம் இவற்றால் ஒரு தீங்கும் இல்லை. காந்தத்தால் சூடேறும் மின்னடுப்புக்கு மட்டும் இரண்டடி தூரம் விடுதல் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நீரிறைக்கும் மோட்டாரின்மேல் நெஞ்சைச் சாய்த்துக் குனியக்கூடாது என்று வைத்தியர் சொன்னதை, மாமி அந்த மோட்டாரை அம்மான் தொடவேகூடாது என்று விரித்துப் பொருள்கொண்டார். அம்மானின் இலக்கண அறிவு அங்கே எடுபடவில்லை.

ஆறு வாரத்தின் பின் சைக்கிளை எடுத்தார். கிணற்றடியிலோ கதிரையிலோ அதன்பின் அவர் மயங்கவில்லை. குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை கொழும்புக்குச் சென்று கருவியைப் பரிசோதித்து வருகின்றார். வெளியிலிருந்தே, தோலின்மேல் ஒரு சிறு கருவியை வைத்து, பற்றரியில் எவ்வளவு மீதி உள்ளது, எத்தனை துடிப்பை இருதயம் தானே துடித்தது, எத்தனையைக் கருவி துடிக்கச் செய்தது என்றெல்லாம் வாசித்து விடுகின்றார்கள். பற்றரி பெரும்பாலும் எட்டுப் பத்து ஆண்டுகள் உழைக்கும். முடிந்தால் கம்பிகள் இருக்கப் பெட்டியை மாத்திரம் மாற்றுவர். அதற்குள் தமக்கு 84 ஆகிவிடும் என்று அம்மான் கணக்கிட்டு வைத்திருக்கின்றார்.

இன்னுமொன்று உண்டு, எமது வீடுகளில் அதைப் பேசத் தயங்குவர். தகனம் செய்யுமுன் உடம்பிலிருந்து இக்கருவியை அகற்றிவிட வேண்டும். மூடி இறுக்கிய பற்றரி நெருப்பிலே வெடிக்கக்கூடியது. புதைப்போருக்கு இக்கவலை இல்லை. எரிக்கும் வழக்கமுள்ள நாமோ, துக்க வீட்டின் குழப்பத்தில் இதை மறந்துவிடலாகாது; வைத்தியசாலையிலோ, உடம்பைப் பதஞ்செய்வோரிடமோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதை எப்படி அம்மானிடம் எடுப்பது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தாமே விசாரித்தறிந்து, கருவியின் விபரங்கொண்ட அட்டையோடு ஒரு கடதாசியையும் இணைத்துவிட்டார். “எரிக்குமுன் எடுக்க, இடப்பக்கம்” என்று தம் முத்தான கையெழுத்தில் எழுதித் திகதியும் இட்டிருந்தார்.

மாமி அதை வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் காணி உறுதிகளோடு சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சந்தைக்குப் போக நேரமாயிற்று என்று அவரை எழுப்பினார்.